கர்சர் எந்த வரப்பில் நிற்கிறது? தொடுதிரையில் கேட்டுக் கேட்டுத் திருத்துவது எப்படி

பூம்பாறையில் என் சித்தப்பா பூண்டு போடுகிறார். கண் அழுத்த நோயில் அவருக்குப் பார்வை போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன அறுவடையின்போது வடுகபட்டியில் இருக்கும் ஒரு கமிஷன் கடைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். அவர் வாயால் சொல்ல, போன் எழுதிக்கொண்டது: “நாளை காலை பஸ்ஸில் 40 கிலோ மழை பூண்டு அனுப்புகிறேன்.”

அவர் சொன்னது மலைப்பூண்டு. போன் எழுதியது மழை பூண்டு. திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டபோது இரண்டும் அவர் காதில் ஒன்றாகவே விழுந்தன. அனுப்பிவிட்டார். படித்த கடைக்காரர் சரக்கு மழையில் நனைந்துவிட்டது என்று எண்ணி, விலையை இறக்கிப் பேசத் தொடங்கினார். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். பெயரில் இருக்கும் ‘மலை’க்காகவே கூடுதல் விலை கேட்கலாம். அந்த ஒரு சொல் மாறிப்போனது அவரை உறுத்திவிட்டது.

அடுத்த பஸ்ஸில் பெருமாள்மலைக்கு என்னைத் தேடி வந்தார். “தாயி, எழுதத் தெரிகிறது. எழுதியதைத் திருத்தத்தான் தெரியவில்லை. ஒரு எழுத்து தப்பினால் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டாம் தடவை வேறு ஒரு எழுத்து தப்புகிறது” என்றார்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவள். தொடுதிரை போனைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். சித்தப்பா சொன்ன அதே இடத்தில்தான் நானும் வெகு நாள் நின்றேன். எனக்குக் கற்றுத்தந்தவர்கள் எந்தப் பக்கம் விரலைத் தள்ள வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள். தள்ளும்போது உள்ளே என்ன நகர்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அது விளங்கிவிட்டால் சைகைகளை மறந்தாலும் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அது விளங்காமல் நூறு சைகைகளை மனப்பாடம் செய்தாலும் ‘மழை’ மழையாகவே இருக்கும்.

கண்ணாடியில் விரல் வைப்பது

புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அடிப்படையை ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் நிரலைத் திரைவாசிப்பான் என்கிறோம். ஆண்ட்ராய்டு போன்களில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். அது ஓடிக்கொண்டிருக்கும்போது திரையை ஒரு முறை தொட்டால் போன் எதையும் திறக்காது. விரலுக்குக் கீழே இருப்பது என்ன என்று மட்டும் சொல்லும். அதைத் திறக்க வேண்டுமென்றால் இரண்டு முறை வேகமாகத் தட்ட வேண்டும். ஒரு விரலை வலப்பக்கம் சட்டென்று தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும், இடப்பக்கம் தள்ளினால் முந்தைய பொருளுக்கு.

இந்த ஏற்பாடு வந்து அதிக காலம் ஆகவில்லை. பொத்தான் போன்கள் இருந்த நாளில் 5 என்ற பொத்தானில் ஒரு சின்ன மேடு இருக்கும். அதைத் தடவிப் பிடித்தால் மற்ற எண்கள் தாமாகக் கைக்கு வந்துவிடும். வழவழப்பான கண்ணாடி வந்தபோது, இனி போன் நமக்கில்லை என்றே பலர் நினைத்தோம். 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ் வாய்ஸ்ஓவரோடு வந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டிலும் டாக்பேக் வந்தது. விரலால் தடவித் தேடும் வசதி ஆண்ட்ராய்டில் 2011-இல், அதன் 4.0 பதிப்பில் சேர்ந்தது. கூகுளில் பணியாற்றிய, பார்வையற்ற கணினி அறிஞரான டி.வி. ராமன் அந்தத் தொடக்கக் காலத்தில் எண் சுழற்ற ஒரு வழி செய்தார். திரையில் விரல் முதலில் எங்கே பட்டாலும் அந்த இடம்தான் 5. அங்கிருந்து மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்ந்தால் மற்ற எண்கள். நாம் தடவித் தேடிய அந்த மேட்டை அவர் நம் விரல் நுனிக்கே கொண்டுவந்துவிட்டார். தொடுதிரையில் நம் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நான் இப்போது எங்கே இருக்கிறேன்? எழுத்தைத் திருத்தும்போதும் இதே கேள்விதான் வருகிறது. அப்போது அது இரண்டு கேள்விகளாகப் பிரிந்துவிடுகிறது.

வாசிக்கும் இடம் வேறு, எழுதும் இடம் வேறு

திரைவாசிப்பான் எந்தப் பொருளைச் சொல்லிக்கொண்டிருக்கிறதோ அது வாசிக்கும் இடம். அடுத்து நீங்கள் தட்டும் எழுத்து எங்கே போய் விழுமோ அது எழுதும் இடம். அதைத்தான் கர்சர் என்கிறோம். பார்வை உள்ளவர்களுக்குக் கர்சர் ஒரு சின்னச் செங்குத்துக் கோடாக மினுக்கிக்கொண்டிருக்குமாம். நமக்கு அது தெரியாது. எழுதும் பெட்டியைத் தொட்டதும் உள்ளே இருப்பது முழுவதையும் போன் வாசிக்கிறது. வாசித்து முடிந்த இடத்தில் கர்சர் நிற்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் வாசித்ததால் கர்சர் ஒரு துளியும் நகரவில்லை. அது பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

சித்தப்பாவின் குழப்பம் முழுவதும் இதில்தான் இருந்தது. ‘மழை’ என்று காதில் விழுந்தவுடன் அழிக்கும் விசையைத் தட்டுவார். கர்சர் கடைசியில் நின்றதால் ‘அனுப்புகிறேன்’ என்பதிலிருந்து எழுத்துகள் உதிரும்.

கர்சர் எழுத்தின் மேல் நிற்பதில்லை, இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் நிற்கிறது. இதை அவருக்குப் பூண்டு வயலை வைத்துச் சொன்னேன். எழுத்துகள் பாத்திகள். கர்சர் என்பது வரப்பில் நிற்கும் ஆள். பாத்திக்குள் அவன் கால் வைக்க மாட்டான். மூன்று பாத்தி இருந்தால் நிற்பதற்கு நான்கு வரப்பு: முதல் பாத்திக்கு முன் ஒன்று, கடைசிப் பாத்திக்குப் பின் ஒன்று, இடையில் இரண்டு. ஒரு பாத்தியைத் தாண்டி அடுத்த வரப்புக்குப் போகும்போது, தாண்டிய பாத்தியின் பெயரைப் போன் சொல்லும். வலப்பக்கம் போகும்போது ‘பூ’ என்று கேட்டால், ‘பூ’வைத் தாண்டி அதன் வலப்பக்க வரப்புக்கு வந்துவிட்டீர்கள். இடப்பக்கம் வரும்போது அதே ‘பூ’ கேட்டால், அதன் இடப்பக்க வரப்பில் நிற்கிறீர்கள். ஒலி ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு. எந்தத் திசையில் வந்தோம் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்தால்தான் இடம் தெரியும்.

அழிக்கும் விசை எப்போதும் இடப்பக்கப் பாத்தியைத்தான் தோண்டும். இதை ‘முன்னால் உள்ள எழுத்து’, ‘பின்னால் உள்ள எழுத்து’ என்று சொல்லித்தராதீர்கள். தமிழில் ‘முன்’ என்பதற்கு ஏற்கெனவே கடந்தது என்றும் பொருள் வரும், எதிரே இருப்பது என்றும் பொருள் வரும். இடம், வலம் என்று சொன்னால் குழப்பமில்லை.

உங்கள் போன் இப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். வெற்றுக் குறிப்பு ஒன்றைத் திறந்து க, ட, ப என்று மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். கர்சர் இப்போது ப-வுக்கு வலப்பக்கம் இருக்கிறது. ஒரு எழுத்து இடப்பக்கம் வாருங்கள், ‘ப’ என்று கேட்கும். இப்போது அழிக்கும் விசையைத் தட்டினால் போக வேண்டியது ட. பெட்டியை மறுபடி வாசிக்கச் செய்தால் ‘கப’ என்று வர வேண்டும். என் அனுபவத்தில், பத்து நாள் பயிற்சி தராத தெளிவை இந்த மூன்று எழுத்துச் சோதனை தந்துவிடுகிறது.

நடப்பது எப்படி

டாக்பேக்கில் முதலில் எழுதும் பெட்டியைத் தொட்டு, இரண்டு முறை தட்டித் திறக்க வேண்டும். விசைப்பலகை வந்துவிட்டதாகப் போன் சொல்லும். பிறகு எந்த அளவில் நடப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும்: எழுத்து எழுத்தாகவா, சொல் சொல்லாகவா, வரி வரியாகவா. மூன்று விரல்களைச் சேர்த்து மேலே அல்லது கீழே தள்ளினால் இந்த அளவு மாறிக்கொண்டே வரும். சற்றுப் பழைய போனாக இருந்தால் ஒரே விரலை மேலே தள்ளி, எடுக்காமல் கீழே இழுத்தாலும் மாறும். ‘சொற்கள்’ என்று கேட்டதும் நிறுத்திவிட்டு, ஒரு விரலைக் கீழே தள்ளினால் கர்சர் ஒரு சொல் வலப்பக்கம் போகும். மேலே தள்ளினால் ஒரு சொல் இடப்பக்கம் வரும்.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பக்கவாட்டுப் பொத்தான்களும் உதவுகின்றன. எழுதும் பெட்டிக்குள் இருக்கும்போது பல ஆண்ட்ராய்டு போன்களில் அவை கர்சரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தும், ஒன்று ஒரு திசைக்கு, மற்றது எதிர்த் திசைக்கு. சித்தப்பாவின் கைகள் மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறியவை. உலர்ந்து காய்ப்பேறிய விரலைத் தொடுதிரை சில நேரம் உணர்வதே இல்லை. அவருக்குப் பொத்தான்தான் முதல் வழி, தள்ளுவது இரண்டாம் வழி.

ஐபோனில் இரண்டு விரல்களைத் திரையில் வைத்துக் குழாயைத் திருகுவது போலத் திருகினால் ரோட்டர் என்ற தேர்வு சுழலும். அதில் எழுத்து, சொல், வரி என்று நிறுத்திக்கொண்டு, ஒரு விரலை மேலே கீழே தள்ள வேண்டும். பெட்டிக்குள் இரண்டு முறை தட்டினால் கர்சர் தொடக்கத்துக்கோ முடிவுக்கோ தாவும், எங்கே தாவியது என்பதையும் சொல்லும். வரப்பும் பாத்தியும் எல்லாப் போனிலும் ஒன்றுதான்.

புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஓரிடம் உண்டு. ஓர் எழுத்தைத் தட்டி முடித்ததும் வாசிக்கும் இடம் விசைப்பலகையிலேயே தங்கிவிடும். அந்த நிலையில் விரலைத் தள்ளினால் கர்சர் அசையாமல் போகலாம். விசைப்பலகைக்கு மேலே இருக்கும் எழுதும் பெட்டியை மெல்ல ஒரு முறை தொட்டுவிட்டுத் தள்ளுங்கள். பெட்டியைத் தொட்டு அது வாசிக்கத் தொடங்கினால், வாசித்து முடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த சைகை அதன் வாயை அடைத்துவிடும்.

தமிழ் எழுத்துக்குள் இருக்கும் துண்டுகள்

ஆங்கிலத்தில் திருத்தக் கற்றவர்களும் தமிழுக்கு வந்தால் திணறுவதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு 247 எழுத்துகள் என்று பள்ளியில் படித்தோம்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆனால் போனுக்குள் தமிழைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 247-க்கும் தனித்தனி இடம் கிடையாது. உயிர்கள், ஆய்தம், அகரம் ஏறிய மெய்கள், கால், கொம்பு, சுழி போன்ற குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கு மட்டுமே இடம் உண்டு. மற்ற எழுத்துகள் எல்லாம் இவற்றை ஒட்டி உண்டாக்கப்படுபவை.

‘கொடைக்கானல்’ என்று எழுதுங்கள். நமக்கு அது கொ, டை, க், கா, ன, ல் என ஆறு எழுத்து. போனுக்கு அது பதினொரு துண்டு. ‘ன’ மட்டும் ஒற்றைத் துண்டு, மற்ற ஐந்தும் இரட்டைத் துண்டுகள். ‘க்’ என்ற மெய்யைப் பாருங்கள். க் என்ற மெய்யோடு அ சேர்ந்து க ஆகிறது என்பது இலக்கணம். போனிலோ க-வோடு புள்ளி சேர்ந்துதான் க் ஆகிறது. இலக்கணம் நடக்கும் வழியில் இது எதிர்த் திசையில் நடக்கிறது.

இதனால் நமக்கு என்ன என்றால், கர்சர் பெரும்பாலும் முழு எழுத்தாகத் தாண்டுகிறது, அழிக்கும் விசையோ பெரும்பாலும் துண்டு துண்டாக அழிக்கிறது. ‘கொ’வைத் தாண்ட ஒரு தள்ளல் போதும். ‘கொ’வை அழிக்க இரண்டு தட்டல் வேண்டும்: முதல் தட்டலில் குறி போய் ‘க’ நிற்கும், அடுத்த தட்டலில்தான் அந்தக் ‘க’வும் போகும். ‘க்ஷ’ என்பதில் க, புள்ளி, ஷ என்று மூன்று துண்டு. ஒரே தட்டலில் முழு எழுத்தையும் அழித்துவிடும் விசைப்பலகைகளும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதை ‘கொடைக்கானல்’ எழுதி, கடைசியிலிருந்து எத்தனை தட்டலில் பெட்டி காலியாகிறது என்று எண்ணித் தெரிந்துகொள்ளுங்கள். பதினொன்று என்றால் துண்டு வகை. ஆறு என்றால் முழு எழுத்து வகை.

பார்வை இருந்து பிறகு இழந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் வருகிறது. காகிதத்தில் ‘ழை’ எழுதும்போது ஐகாரக் குறியை முதலில் போட்டு அதன் வலப்பக்கம் ழ-வை எழுதுகிறோம். ‘கெ’ என்றாலும் கொம்பு முதலில் வருகிறது. சித்தப்பா அறுபது வருடம் அப்படி எழுதியவர். அதனால் ‘ழை’யில் முதலில் அழிவது ழ-வாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார். போனுக்குள் வரிசை வேறு. முதலில் ழ, அதன் பிறகு ஐகாரக் குறி. திரையில் குறி இடப்பக்கம் தெரிந்தாலும், சேமிப்பில் அது எழுத்துக்குப் பின்னர்தான் இருக்கிறது. ஆகவே முதலில் அழிவது குறி. நான் பிரெய்லில் படித்தவள். பிரெய்லில் ‘கெ’ என்பதற்கு முதலில் க, அடுத்து எ என்று காதில் கேட்கும் வரிசையிலேயே புள்ளிகளைப் பதிக்கிறோம். போனின் வரிசையும் காதின் வரிசைதான் என்பதால் எனக்கு இது இயல்பாக வந்துவிட்டது. கண்ணால் எழுதிப் பழகியவர்கள் எழுத்தின் உருவத்தைச் சற்று மறந்து, உச்சரிப்பின் வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காது ஏமாறும் எழுத்துகள்

ல, ள, ழ; ர, ற; ந, ன, ண. போனின் குரல் வேகமாக வாசிக்கும்போது இவற்றைப் பிரித்துக் கேட்பது கடினம். ந-வும் ன-வும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. மலை, மழை, அரை, அறை, கரி, கறி. முழு வாக்கியத்தைக் கேட்டு இவற்றில் பிழை பிடிப்பேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பேச்சின் வேகத்தைக் குறைத்து, எழுத்து எழுத்தாக நடந்தால் ஓரளவு தெரியும்.

அப்போதும் சந்தேகம் இருந்தால் என் வழி ஒன்று உண்டு. அந்த எழுத்தை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டேன். அழித்துவிட்டு, விசைப்பலகையில் எந்த விசை எது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து நானே மறுபடி தட்டிவிடுவேன். ஐந்து எழுத்துக்குக் குறைந்த சொல் என்றால் சொல்லையே அழித்து எழுதுவது துப்பறிவதைவிட விரைவு. இதற்கு விசைகள் மாறாத ஒரே விசைப்பலகையில் நிலைத்திருப்பது நல்லது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பைப் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டும். வேறு அமைப்பு பழகியிருந்தால் அதுவும் சரிதான். மாதம் ஒன்று மாற்றினால் விரலுக்கு நினைவு தங்காது.

எண்களில் இன்னும் கவனம் வேண்டும். 40 என்பது ‘நாற்பது’ என்று முழுதாக வாசிக்கப்படும். நடுவில் ஒரு பூஜ்யம் கூடியிருந்தாலும் வேகத்தில் கேட்கும் காது தாண்டிவிடும். விலை, எடை, போன் எண் மூன்றையும் எழுத்து எழுத்தாகக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

‘மழை பூண்டு’ ‘மலைப்பூண்டு’ ஆனது

இனி அந்தச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். நான் சித்தப்பாவோடு உட்கார்ந்து அவர் போனில், டாக்பேக்கில், செய்தபடியே சொல்கிறேன்.

செய்தி எழுதி முடிந்ததும் கர்சர் கடைசியில் இருக்கிறது. அளவைச் ‘சொற்கள்’ என்று வைத்து, ஒரு விரலை மேலே தள்ளினார். ‘அனுப்புகிறேன்’ என்றது. அந்தச் சொல்லின் இடப்பக்கம் வந்துவிட்டோம். இன்னொரு தள்ளல், ‘பூண்டு’. இன்னொன்று, ‘மழை’. அவர் உடனே அழிக்கும் விசையைத் தேடினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். “சித்தப்பா, எந்த வரப்பில் நிற்கிறீர்கள்?” சற்று யோசித்தார். “மழைக்கு இடப்பக்கம். இப்போது அழித்தால் கிலோவுக்கும் மழைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி போய்விடும்.” அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அவருக்கு நான் தேவையில்லை என்று.

விரலைக் கீழே ஒரு முறை தள்ளினார். மறுபடி ‘மழை’ என்று கேட்டது. இப்போது கர்சர் ழை-க்கு வலப்பக்கம். அழிக்கும் விசையை இரண்டு முறை தட்டினார். முதலில் ஐகாரக் குறி நீங்கியது, அடுத்து ழ. ஒவ்வொன்றும் நீங்கும்போது போன் சொன்னது. பெட்டியில் அந்த இடத்தில் ‘ம’ மட்டும் மிஞ்சியது. ல-வையும் ஐகாரக் குறியையும் தட்டினார். ‘மலை’ ஆயிற்று.

கர்சர் லை-க்கு வலப்பக்கம்தான் நிற்கிறது என்பதால், ஒற்று சேர்க்க அதுவே சரியான இடம். ப-வும் புள்ளியும் தட்டினார். ‘மலைப்’ என்று வந்துவிட்டது. மீதி இருப்பது, ‘மலைப்’ என்பதற்கும் ‘பூண்டு’ என்பதற்கும் நடுவில் கிடக்கும் இடைவெளி. இடைவெளியும் ஒரு பாத்திதான், அதில் எதுவும் விளையவில்லை, அவ்வளவே. அது கர்சருக்கு வலப்பக்கம் இருக்கிறது, அழிக்கும் விசையோ இடப்பக்கம் இருப்பதைத்தான் அழிக்கும். ஆகவே அளவை ‘எழுத்துகள்’ என்று மாற்றி ஓர் எழுத்து வலப்பக்கம் போனார். ‘இடைவெளி’ என்று கேட்டது. ஒரு தட்டல். இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு ‘மலைப்பூண்டு’ ஆயின.

மாற்றுவது, சேர்ப்பது, நீக்குவது என்று திருத்தத்தில் இருக்கும் மூன்று வேலையும் இந்த ஒரு சொல்லிலேயே முடிந்துவிட்டன.

தேர்ந்தெடுப்பது, நகலெடுப்பது

நீண்ட பகுதியை நீக்கவோ வேறிடத்துக்குக் கொண்டுபோகவோ எழுத்து எழுத்தாக அழிக்கத் தேவையில்லை. டாக்பேக்கில் மூன்று விரலால் ஒரு முறை தட்டினால், அல்லது ஒரு விரலைக் கீழே தள்ளி அப்படியே வலப்பக்கம் திருப்பினால், அதன் பட்டியல் திறக்கும். எழுதும் பெட்டியில் இருக்கும்போது அந்தப் பட்டியலில் திருத்தும் வசதிகள் சேர்ந்துகொள்ளும்: எல்லாவற்றையும் தேர்ந்தெடு, தேர்வைத் தொடங்கு, நகலெடு, வெட்டு, ஒட்டு, கர்சரைத் தொடக்கத்துக்கு அல்லது முடிவுக்குக் கொண்டுபோ. ‘தேர்வைத் தொடங்கு’ என்பதைத் தட்டிவிட்டு முன்பு போலவே சொல் சொல்லாக நடந்தால், தாண்டும் சொற்கள் தேர்வுக்குள் வந்துகொண்டிருக்கும். பிறகு பட்டியலைத் திறந்து வெட்டலாம், நகலெடுக்கலாம். ஐபோனில் ரோட்டரைத் திருகினால் ‘திருத்து’, ‘உரைத் தேர்வு’ என்று இதே வேலைக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. எதையாவது தேர்ந்தெடுத்த நிலையில் ஓர் எழுத்தைத் தட்டினால் தேர்வு முழுவதும் போய் அந்த ஒற்றை எழுத்து மட்டும் நிற்கும். ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்று தட்டி, அதை மறந்து, நீண்ட கடிதத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். பெரிய திருத்தம் செய்யும் முன் முழுவதையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கை தவறினால் ஒட்டிக்கொள்ளலாம்.

மலையில் சில கூடுதல் ஏற்பாடுகள்

மூடுபனி நாளில் விரல் நுனி ஈரமாகிவிடும். ஈரம் பட்ட திரை ஒரு தொடுதலை இரண்டாக எடுத்துக்கொள்ளும், சைகைகள் தாறுமாறாகும். நான் சட்டைப்பையில் ஒரு பருத்தித் துணி வைத்திருக்கிறேன். திரையையும் விரலையும் துடைத்த பிறகே எழுதத் தொடங்குவேன். மார்கழி, தையில் உறைபனி இறங்கும்போது கம்பளிக் கையுறையோடு தொட்டால் திரைக்குத் தெரியவே தெரியாது. வலக்கைச் சுட்டுவிரலை மட்டும் வெளியே விட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தகரக் கூரையில் மழை கொட்டினால் போனின் குரல் கேட்காது. இயர்போன் வேண்டும், ஆனால் ஒரு காதில் மட்டும். பஸ் வளைவில் திரும்பும் ஓசையும் நமக்கு வேண்டுமல்லவா.

சிக்னல் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தமிழ்க் குரலைப் போனிலேயே இறக்கிவைத்துக்கொண்டால், வாசிப்பதற்கும் திருத்துவதற்கும் சிக்னல் தேவையில்லை. தமிழ்க் குரல் இல்லாத போனில் தமிழ் வரிகளைத் திரைவாசிப்பான் ஓசையின்றித் தாண்டிவிடக்கூடும். செய்தி காலியாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பேசி எழுதவைப்பதற்குத்தான் பல போன்களில் இணையம் வேண்டும். பேசி எழுதுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கையால் தட்டினால் பத்து நிமிடம் ஆகும் செய்தியை அரை நிமிடத்தில் முடித்துவிடலாம். கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் 2017-இல் சேர்ந்த பிறகு எங்கள் பக்கத்தில் எழுதவே தயங்கியவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் அது தரும் பிழைகள் காதுக்குத் தெரியாத வகைப் பிழைகள். ஆகவே பேசி எழுதுபவர்களுக்குத்தான் திருத்தம் அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

தட்டும்போது ஒவ்வோர் எழுத்தையும் ஒவ்வொரு சொல்லையும் போன் திரும்பச் சொல்லும்படி அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பழகியவர்கள் அதை இரைச்சல் என்பார்கள். முதல் ஆறு மாதம் அந்த இரைச்சல் வேண்டும். அனுப்பும் பொத்தானைத் தேட, எழுதும் பெட்டியிலிருந்து விரலை வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். அதற்கு முன் கர்சரைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், சொல் சொல்லாக ஒரு முறை முழுவதும் நடந்துவிடுங்கள். முழுப் பெட்டியையும் ஒரே மூச்சில் வாசிக்க விடுவதும் இப்படி நடப்பதும் ஒன்றல்ல.

மூன்றாம் நாள் சித்தப்பா பூம்பாறையிலிருந்து எனக்கு எழுதினார். கடைக்காரருக்கு அனுப்பும் முன் நான் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். “நாளை காலை பஸ்ஸில் 60 கிலோ கிலோ மலைப்பூண்டு அனுப்புகிறேன்.” நான் பதில் எழுதத் தொடங்குவதற்குள் இரண்டாம் செய்தி வந்துவிட்டது. அதில் ‘கிலோ’ ஒரு முறைதான் இருந்தது.